முடிவு தெரிந்த சண்டைக்கு ஏன் பணம் கட்டுகிறார்கள்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2017-இல் மேவெதரும் மெக்ரெகரும் மோதியபோது யார் ஜெயிப்பார் என்பது பாக்ஸிங் தெரிந்த யாருக்கும் சந்தேகமில்லை. அப்படியிருந்தும் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் 100 டாலர் கொடுத்து அதைப் பார்த்தார்கள். 2024-இல் 58 வயது மைக் டைசன் மேல் லண்டனில் இருக்கும் உங்கள் மச்சான் 50 பவுண்டு கட்டித் தோற்றார். இவர்களெல்லாம் ஏமாளிகளா, அல்லது மொத்தமும் செட்டிங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: ஏன் பார்க்கிறார்கள், ஏன் பந்தயம் கட்டுகிறார்கள், சண்டை நேர்மையாக நடந்ததா. இங்கிலாந்தில் ஒரு பந்தய நிறுவனத்தில், விலை (கட்டிய காசுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு) வைக்கும் பிரிவில் பல வருடம் இருந்தேன். பாக்ஸிங் என் பொறுப்பு. பார்க்கிற ஆளும் கட்டுகிற ஆளும் ஒரே மனிதராக இருந்தாலும் இரண்டுக்கும் காரணம் வேறு என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். அதனால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில் சந்தேகமில்லாத விஷயங்கள். 2017 ஆகஸ்ட் 26, லாஸ் வேகாஸ், டி-மொபைல் அரங்கம். ஃப்ளாய்ட் மேவெதருக்கு 40 வயது, 49 தொழில்முறைச் சண்டை, 49 வெற்றி. கானர் மெக்ரெகருக்கு 29 வயது. யூஎஃப்சி என்ற எம்எம்ஏ (குத்து, உதை, பிடி எல்லாம் அனுமதிக்கும் கலப்புச் சண்டை) அமைப்பில் ஒரே நேரத்தில் இரண்டு எடைப்பிரிவுகளில் சாம்பியனாக இருந்தவர், ஜோஸே ஆல்டோவை 13 விநாடியில் சாய்த்தவர். ஆனால் தொழில்முறை பாக்ஸிங்கில் அவர் ஆடிய சண்டை பூஜ்யம். 10-ஆவது ரவுண்டில் நடுவர் சண்டையை நிறுத்தி மேவெதர் வென்றதாக அறிவித்தார். அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 43 லட்சம் பே-பர்-வியூ (அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் காசு கட்டி வீட்டில் பார்ப்பது) விற்றது. எச்டியில் பார்க்க 99.95 டாலர். அரங்க டிக்கெட் வசூல் 5.5 கோடி டாலருக்கு மேல். இதோடு ஒப்பிட ஒரே ஒரு சண்டைதான் உண்டு, 2015-இல் நடந்த மேவெதர் – பாக்கியாவ். அது 46 லட்சம். அதுவோ அந்தத் தலைமுறையின் இரண்டு பெரிய பாக்ஸர்கள் மோதியது, ஐந்து வருடம் உலகமே கேட்டுக்கொண்டிருந்த சண்டை. தொழில்முறை பாக்ஸிங்கே ஆடாத ஒருவரை எதிரே நிறுத்தி அதற்கு மிக அருகில் விற்றுவிட்டார்கள். இந்த எண்ணை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரசிகர்கள் சமபலத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்றால் இது நடந்திருக்கவே முடியாது.

பார்ப்பதற்கான காரணத்தில் பாதி, கட்டணத்தைச் சரியாகக் கணக்குப் போட்டாலே புரிந்துவிடும். 100 டாலரை ஒருவர் தனியாகக் கொடுத்துத் தனியாகப் பார்ப்பது குறைவு. எண்பதுகளில் தெருவே காசு போட்டு டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தோமே, அந்தக் கணக்குதான் இது. ஒரு வீட்டில் பத்துப் பேர் கூடினால் தலைக்குப் பத்து டாலர். ஏறக்குறைய ஒரு சினிமா டிக்கெட் அளவுதான். அந்த இரவில் அவர்களுக்குக் கிடைப்பது 36 நிமிட பாக்ஸிங் மட்டுமில்லை. வாரக்கணக்கில் பேசிய பேச்சு, அன்றைய கூட்டம், மறுநாள் வேலைக்குப் போனால் 'பார்த்தியா?' என்று கேட்பவரிடம் சொல்ல ஒரு பதில். ஊரே பார்க்கும் ஒன்றை நாம் மட்டும் பார்க்காமல் இருப்பதன் இழப்பு, முடிவு தெரிந்திருப்பதால் குறைந்துவிடாது.

இது புதுசும் கிடையாது. 1976 ஜூன் 26, டோக்கியோவில் முகம்மது அலியும் மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கியும் மோதினார்கள். 15 ரவுண்டும் இனோக்கி பெரும்பாலும் தரையில் படுத்தபடி அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் டிரா. பார்த்தவர்கள் கடுப்பானார்கள், அலியின் கால்கள் வீங்கிச் சிகிச்சை வரை போனது. அன்றைக்கு நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 30,000 பேருக்கு மேல் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள், டோக்கியோவில் நடப்பதைத் திரையில் பார்க்க. (அங்கேயே நேரில் பாக்ஸர் சக் வெப்னரும் ஆந்த்ரே த ஜெயன்டும் மோதிய இன்னொரு பொருந்தாத சண்டையும் இருந்தது.) அலி உலகச் சாம்பியன், அவர் நல்ல பாக்ஸர்களோடு மோதும் சண்டைகள் கிடைக்காத காலமும் இல்லை. ஆனாலும் இதைப் பார்க்கக் கூட்டம் வந்தது.

காரணத்தின் மறுபாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு பாக்ஸர்களுக்கு நடுவே பலம் பொருந்தவில்லை என்றால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இருவருக்கும் பொதுவான எதிராளிகள் இருப்பார்கள், ரெக்கார்டு இருக்கும், தரவரிசை இருக்கும். 49-0 ஆளுக்கு எதிரே 12-9 ரெக்கார்டு (12 வெற்றி, 9 தோல்வி) உள்ள ஒருவரை நிறுத்தினால் யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள். ஆனால் 49-0 ஆளுக்கு எதிரே வேறொரு துறையின் ராஜாவை நிறுத்தினால் ஒப்பிட அளவுகோலே இல்லாமல் போகிறது. மெக்ரெகரின் இடது கை மேவெதர் தாடையில் பட்டால் என்ன ஆகும்? பாக்ஸிங் ஆட்களுக்கு அது படாது என்று தெரியும். ஆனால் அதை எண்ணாக எழுதி எதிரே வைக்க அவர்களிடமும் எதுவும் இல்லை, ஏனென்றால் மெக்ரெகர் தொழில்முறை பாக்ஸிங் ஆடியதே இல்லை. அவருடைய அனுபவமின்மையே அவருடைய வாய்ப்பை மறுக்க முடியாததாக ஆக்கியது. ஒன்பது சண்டை ஆடி நான்கில் தோற்றிருந்தால் அவர் மதிப்பு சரிந்திருக்கும். பூஜ்யம் ஆடியிருந்ததால் சரியவில்லை. பொருந்தாத பிரபலங்களின் சண்டை விற்பதற்கு அடிப்படை இதுதான் என்பது என் முடிவு. பலம் பொருந்தாமல் இருப்பது மட்டும் போதாது, பொருந்தவில்லை என்பதை யாராலும் நிரூபிக்க முடியாமலும் இருக்க வேண்டும்.

நடத்துகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அவர்கள் வேலையே அந்தச் சந்தேகத்தைச் சாகாமல் காப்பதுதான். 2017 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ், டொரன்டோ, புரூக்ளின், லண்டன் என்று நாலு நாளில் நாலு ஊரில் இருவரையும் மேடையேற்றி ஒருவரையொருவர் திட்ட வைத்தார்கள். பேச்சில் மெக்ரெகர் மேவெதருக்குச் சமம், சில இடங்களில் மேலே. பார்க்கிறவர் மனம் பேச்சில் இருந்த சமத்தைச் சண்டைக்கும் நீட்டிக்கொள்ளும். பிறகு கிளவுஸ் விவகாரம் வந்தது. 154 பவுண்டு எடைக்கு, லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநில விதிப்படி 10 அவுன்ஸ் கிளவுஸ். ஆகஸ்ட் நடுவில் நெவாடா விளையாட்டு ஆணையம் 8 அவுன்ஸுக்கு விதிவிலக்கு கொடுத்தது. மெல்லிய கிளவுஸ் என்றால் அடி பலமாக விழும், அது மெக்ரெகருக்குச் சாதகம் என்று ஊரெல்லாம் பேச்சு. மேவெதர் தன் வாழ்நாளில் பெரும்பகுதி 8 அவுன்ஸில் ஆடியவர் என்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு வாரத்துக்கு விவாதிக்க ஒரு விஷயம் கிடைத்தது, அவ்வளவுதான். விவாதிக்க ஏதாவது இருக்கும் வரை முடிவு தெரிந்ததாகத் தோன்றாது.

இனி பந்தயம். இங்கே என்னால் உறுதியாகப் பேச முடியும், ஏனென்றால் விலை என்பது கண்ணுக்குத் தெரியும் எண். இந்தச் சண்டைக்கு ஆரம்பத்தில் விலை வைத்தபோது மெக்ரெகர் மேல் 100 டாலர் கட்டினால் 900 டாலருக்கு மேல் லாபம் கிடைக்கும் நிலை. மேவெதர் மேல் 100 டாலர் சம்பாதிக்க 2,000 டாலருக்கு மேல் முடக்க வேண்டும். அந்த விலை சொல்லும் அர்த்தம், மெக்ரெகருக்கு 10 சதவீத வாய்ப்புகூட இல்லை என்பது. சண்டை நாளில் மெக்ரெகர் பக்கம் 100-க்கு 400 அளவுக்கு இறங்கியிருந்தது. மேவெதர் பக்கம் 100 சம்பாதிக்க 500 போதும். இப்போது விலைப்படி மெக்ரெகருக்கு 20 சதவீத வாய்ப்பு, மேவெதருக்கு 83. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 20-ம் 83-ம் சேர்ந்து 103. நூறுக்கு மேலே இருக்கும் அந்த மூன்று, பந்தயக் கடையின் பங்கு. நான் சொல்ல வருவது வேறு. அந்த 10 எப்படி 20 ஆனது? இடையில் மெக்ரெகர் ஒரு பாக்ஸிங் போட்டிகூட ஆடவில்லை. மேவெதருக்குக் காயமும் இல்லை. சண்டையைப் பற்றிய தகவல் எதுவும் பெரிதாக மாறவில்லை. மாறியது வந்து விழுந்த பணம் மட்டும்தான்.

அந்தப் பணம் யாருடையது என்பதில் ஒரு பிரிவு இருந்தது. பந்தயச் சீட்டுகளின் எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மை மெக்ரெகர் பக்கம். லாஸ் வேகாஸிலும் அப்படித்தான், அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கத்திலும் அப்படித்தான். பெரும்பாலும் சின்னத் தொகைகள், ஐந்து, பத்து, இருபது. மேவெதர் பக்கம் வந்த சீட்டுகள் கொஞ்சம். ஆனால் ஒவ்வொன்றும் கனம், பத்து லட்சம் டாலர்வரை ஒரே சீட்டில் கட்டியவர்கள் இருந்தார்கள். தொழிலாகப் பந்தயம் கட்டுகிறவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ரசிகர்களின் ஐந்தும் பத்தும் விலையை இறக்க இறக்க, மேவெதர் அவர்களுக்கு மலிவாகிக்கொண்டே வந்தார். நேரமாக ஆக மலிவாகும் என்று தெரிந்த பொருளை அவசரப்பட்டு யார் வாங்குவார்கள்? கடைகள் இரண்டு பக்கமும் பணத்தைச் சமமாக்கிவிடும் என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சமமாக்குவது அரிது. மெக்ரெகர் ஜெயித்தால் கடைகளுக்குப் பெரிய நஷ்டம் என்ற நிலையிலேயே பல கடைகள் சண்டைக்குள் போயின. அவர் ஜெயிக்க மாட்டார் என்ற கணிப்பில் கடையும் ஒரு பந்தயம் கட்டியிருந்தது என்று அதைச் சொல்லலாம்.

மெக்ரெகர் மேல் கட்டியவர்களை ஏமாளிகள் என்று சொல்வதற்கு முன்னால் அவர்கள் முன் இருந்த தேர்வைப் பாருங்கள். சும்மா பார்ப்பதை விட ஒரு பக்கம் காசு வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு அடியும் நம்முடையதாகும். அந்த இன்பத்துக்காகப் பத்து டாலர் செலவழிக்க ஒருவர் முடிவுசெய்கிறார் என்று வையுங்கள். மேவெதர் மேல் வைத்தால் கிடைப்பது இரண்டு டாலர். ஜெயித்தும் ஒரு காப்பி வராது. மெக்ரெகர் மேல் வைத்தால் நாற்பது. பணம் பெருக்க நினைப்பவர் மேவெதர் பக்கமும், இரவைச் சூடாக்கிக்கொள்ள நினைப்பவர் மெக்ரெகர் பக்கமும் போவது இயல்பு. அதோடு ஐரிஷ்காரர்களுக்கு மெக்ரெகர் நம்ம பையன். நம்ம பையன் தோற்பதன் மேல் காசு கட்ட மனம் வராது. இதில் எவ்வளவு பாசம், எவ்வளவு பேராசை, எவ்வளவு உண்மையான நம்பிக்கை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சீட்டில் பெயரும் தொகையும் இருக்கும், எண்ணம் இருக்காது.

ஆனால் ஒரு பொதுப் போக்கு பல பத்தாண்டுகளாக அளக்கப்பட்டிருக்கிறது. கிண்டி ரேஸுக்குப் போன பழைய ஆட்களுக்கு இது அனுபவத்திலேயே தெரிந்திருக்கும்: வராத குதிரை மேல் ஜனங்கள் அது தகுதியுள்ளதை விட அதிகமாகக் கட்டுவார்கள். 1949-லேயே உளவியலாளர் கிரிஃபித் அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களில் இதைக் கணக்கெடுத்துக் காட்டினார். 2010-இல் ஸ்னோபெர்க், வுல்ஃபர்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மிகப் பெரிய அளவில் அமெரிக்கப் பந்தயத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு ரேஸிலும் பேவரிட் (ஜெயிக்கும் என்று விலை சொல்லும் குதிரை) மேலேயே கட்டிக்கொண்டு போனால் நூறு ரூபாய்க்குச் சராசரியாக ஐந்தரை ரூபாய் நஷ்டம். நூறு மடங்கோ அதற்கு மேலோ விலை உள்ள குதிரைகள் மேலேயே கட்டினால் நூறுக்கு அறுபத்தொரு ரூபாய் நஷ்டம். ஆபத்தை விரும்புவதால் மக்கள் இப்படிச் செய்கிறார்களா, அல்லது சின்ன வாய்ப்பைப் பெரிதாக எடைபோடுவதாலா என்று சோதித்து, இரண்டாவதுதான் தரவுக்குப் பொருந்துகிறது என்றார்கள். உளவியலாளர்கள் கானெமனும் டிவெர்ஸ்கியும் 1979-இல் சொன்னதும் இதைத்தான். நூற்றில் ஒன்று என்பதை மனம் நூற்றில் ஒன்றாகவே வைத்துக்கொள்வதில்லை, ஊதிப் பெரிதாக்கிக்கொள்கிறது. குதிரைக்குப் பொருந்துவது மெக்ரெகருக்கும் முழுசாகப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். குதிரைக்குக் குறைந்தபட்சம் ஓடிய ரெக்கார்டு உண்டு. பிரபலங்களின் சண்டையில் ரெக்கார்டும் இல்லாததால் இந்த ஊதல் இன்னும் அதிகமாக இருக்கும் என்பது என் ஊகம்.

ஊதிப் பெரிதாக்கவும் மனதுக்குக் கதைகள் வேண்டும். பாக்ஸிங்கில் அதற்குப் பஞ்சமில்லை. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் சாம்பியன் மைக் டைசனை வீழ்த்தினார். டக்ளஸ் மேல் 42 மடங்கு விலை. அதையும் வைத்தது லாஸ் வேகாஸில் மிராஜ் என்ற சூதாட்ட விடுதி மட்டும், மற்ற கடைகள் விலை வைக்கவே இல்லை. 2019 ஜூனில் கடைசி நேரத்தில் மாற்றாளாக வந்த ஆண்டி ரூயிஸ் ஆன்டனி ஜோஷுவாவை நாலு முறை விழவைத்துச் சாம்பியன் ஆனார். விலைப்படியே நடந்து முடிந்த ஆயிரக்கணக்கான சண்டைகள் யாருக்கும் நினைவில்லை, இந்த இரண்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று: நிபுணர்களின் உறுதியும் சில நேரம் அளவுக்கு மீறியது. 2023 அக்டோபரில் ரியாத்தில் யூஎஃப்சி முன்னாள் சாம்பியன் ஃபிரான்சிஸ் ங்கானு, தன் முதல் தொழில்முறை பாக்ஸிங் சண்டையிலேயே ஹெவிவெயிட் சாம்பியன் டைசன் ஃபியூரியை மூன்றாவது ரவுண்டில் தரையில் உட்கார வைத்தார். முடிவில் பிளவுபட்ட தீர்ப்பில்தான் ஃபியூரி தப்பினார். ங்கானுவுக்கு வாய்ப்பே இல்லை என்று சொன்ன பாக்ஸிங் உலகம் அன்று வாயடைத்து நின்றது. அந்த ஒரு இரவு அடுத்த சண்டையின் விலையையும் மாற்றியது. நாலு மாதம் கழித்து ஜோஷுவாவோடு மோதியபோது ங்கானு மேல் யாரும் பழைய மாதிரி பெரிய விலை தரவில்லை. ஜோஷுவா அவரை இரண்டாவது ரவுண்டில் நாக்அவுட் செய்தார். ஆக, 'வேறு துறை ஆள் என்ன செய்வார் என்று தெரியாது' என்ற ரசிகரின் எண்ணத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளிக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதில்தான் அவர் தவறுகிறார்.

உங்கள் மச்சான் பந்தயம் கட்டிய சண்டைக்கு வருகிறேன், இது கொஞ்சம் வித்தியாசமான ரகம். 2024 நவம்பர் 15, டெக்சாஸின் ஆர்லிங்டன். ஜேக் பாலுக்கு 27 வயது. யூடியூபில் புகழ்பெற்று பாக்ஸிங்குக்கு வந்தவர், அதுவரை 10 வெற்றி, ஒரு தோல்வி. அந்தத் தோல்வியும் அவர் முதன்முதலில் ஒரு உண்மையான பாக்ஸரோடு, டாமி ஃபியூரியோடு, மோதியபோது வந்தது. மற்றபடி அவர் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பாலானோர் பெயர் பெரியவர்கள், ஆனால் எம்எம்ஏ ஆட்கள், அல்லது வயது கடந்தவர்கள். டைசன் கடைசியாகத் தொழில்முறைச் சண்டை ஆடியது 2005 ஜூனில், அதிலும் கெவின் மெக்பிரைடிடம் தோல்வி. 2024 மே மாதம் விமானத்தில் வயிற்றுப்புண் தொல்லை வந்து, ஜூலையில் நடக்க வேண்டிய சண்டை நவம்பருக்குத் தள்ளிப்போனது. விதிகளும் அதற்கேற்பவே: எட்டு ரவுண்டு, ரவுண்டுக்கு இரண்டு நிமிடம், 14 அவுன்ஸ் கிளவுஸ். இத்தனையும் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். விலையில் பால்தான் பேவரிட். டைசன் மேல் கட்டினால் லாபம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் சீட்டுகள் குவிந்தது டைசன் பக்கம்.

இங்கே வேலை செய்தது நினைவு. 1986-இல் 20 வயதில் உலகச் சாம்பியன் ஆன டைசனை நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். அவருடைய 90 விநாடி நாக்அவுட்கள் இன்றும் செல்போனில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சண்டைக்கு முன் அவர் பயிற்சி எடுக்கும் சில விநாடித் துண்டுகள் வெளியாகின. எடை பார்க்கும் நிகழ்ச்சியில் பாலை ஓங்கி அறைந்தார். மக்கள் விலை போட்டது அந்த டைசனுக்கு. வளையத்தில் ஏறியவர் 58 வயதுக்காரர். எட்டு ரவுண்டில் அவர் வீசியது 97 குத்துகள், பட்டது 18. பால் 278 வீசி 78 பட வைத்தார். கடைசி ரவுண்டுகளில் அரங்கமே ஊளையிட்டது. நெட்ஃபிளிக்ஸில் சந்தாவோடு சேர்ந்தே வந்ததால் தனிக் கட்டணம் இல்லை. 6 கோடி வீடுகளில் பார்த்ததாக நிறுவனம் அறிவித்தது. இங்கே 'ஏன் காசு கொடுத்தார்கள்' என்ற கேள்வியே பொருந்தாது. கொடுத்தது நேரம்.

செட்டிங்கா என்று கேட்டீர்கள். இந்த இரண்டு சண்டைகளிலும் முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது என்பதற்கு எந்தச் சான்றும் வரவில்லை. பால் – டைசன் டெக்சாஸ் அரசு உரிமத் துறை அனுமதித்த தொழில்முறைச் சண்டை, முடிவு இருவரின் ரெக்கார்டிலும் சேர்ந்தது. இன்னொன்றையும் யோசியுங்கள்: பலம் இவ்வளவு பொருந்தாத இடத்தில் பேசி வைக்கவே தேவையில்லை. வலியவர் ஜெயிக்கப்போகிறார், விலையும் அப்படித்தான் சொல்கிறது, அதில் யார் என்ன சம்பாதிக்க முடியும்? சந்தேகப்பட வேண்டிய இடம் விலைக்கு எதிரான முடிவு வரும்போது. ஆனால் நீங்கள் திரையில் பார்த்தது வேறொன்றாக இருக்கலாம். வலியவர் முழு வேகத்தில் அடிக்காமல் விடுவது. டைசனைக் காயப்படுத்த விரும்பாமல் நிதானித்ததாகப் பாலே பிறகு சொன்னார். முதல் ரவுண்டுகளில் மெக்ரெகரை அடிக்க விட்டுக் களைக்க வைப்பதுதான் திட்டம் என்று மேவெதரும் சொன்னார். இது மோசடியில் சேராது. ஆனால் பந்தயத்தில் இதற்கு விலை உண்டு. மேவெதர் – மெக்ரெகருக்குப் பல கடைகளில் சண்டை ஒன்பதரை ரவுண்டைத் தாண்டுமா என்ற பந்தயம் இருந்தது. ஒன்பதரை என்றால் 10-ஆவது ரவுண்டில் ஒன்றரை நிமிடம். சண்டை நின்றது ஒரு நிமிடம் ஐந்தாவது விநாடியில். இருபத்தைந்து விநாடியில் கைமாறிய பணம் கொஞ்சமில்லை. எவ்வளவு நேரம் நிதானிப்பது என்பது ஒருவர் கையில் இருக்கும்போது அதன் மேல் கட்டுவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது. ரெக்கார்டில் சேராத காட்சிச் சண்டைகள் இன்னும் மோசம். 2021-இல் மேவெதரும் ஜேக் பாலின் அண்ணன் லோகன் பாலும் மோதியது எட்டு ரவுண்டும் ஓடி, வெற்றியாளரே அறிவிக்கப்படாமல் முடிந்தது.

இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்குக் கவலை தருவது இரண்டு. முதலாவது உடம்பு. 2017 சண்டைக்கு அனுமதி கிடைத்தபோதே வளையத்தோர மருத்துவர்கள் சங்கம் கவலை தெரிவித்தது. 2025 டிசம்பர் 19 அன்று மயாமியில் ஜேக் பால் ஜோஷுவாவோடு மோதினார். ஜோஷுவா ஒலிம்பிக் தங்கம் வென்றவர், இருமுறை உலகச் சாம்பியன், பாலை விட உயரமும் எடையும் கூடியவர். அங்கே அளவுகோல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அப்போதும் பால் மேல் கட்டியவர்கள் இருந்தார்கள். ஆறாவது ரவுண்டில் நாக்அவுட், பாலின் தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. அந்தச் சண்டையை அனுமதித்திருக்கவே கூடாது என்று நினைக்கிறேன். ரசிகர் எவ்வளவு ஆசையாகப் பார்த்தாலும், ஒருவர் உயிருக்கு ஆபத்தா என்று முடிவெடுப்பது ஆணையத்தின் வேலை. டிக்கெட் விற்பனையைப் பார்த்து அந்த வேலையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டாவது கவலை உங்கள் மச்சானைப் பற்றியது. பந்தய நிறுவனங்களுக்கு இந்த மாதிரிச் சண்டைகளில் வரும் பெரிய லாபம் அன்றிரவு தோற்ற சீட்டுகளில் இல்லை. வாழ்நாளில் பந்தயமே கட்டாத ஆயிரக்கணக்கானோர் டைசனுக்காக, மெக்ரெகருக்காக முதல்முறை கணக்குத் திறப்பார்கள். சண்டை முடிந்துவிடும், கணக்கு இருக்கும். சனிக்கிழமை கால்பந்துக்கு இலவசப் பந்தயம் என்று செய்தி வரும், ராத்திரி ஸ்லாட் ஆட்டத்துக்கு அழைப்பு வரும். உங்கள் மச்சான் டைசன் மேல் இரண்டு மடங்கு விலையில் கட்டியபோது, மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு அவர் விலை கொடுத்திருக்கிறார். உண்மையான வாய்ப்பு அதில் பாதிகூட இருந்திருக்காது என்பது என் மதிப்பீடு. ஆனால் ஐம்பது பவுண்டு போனது போகட்டும், ஒரு இரவின் செலவு என்று வைத்துக்கொள்ளலாம். அவரைக் கேலி செய்வதை விட்டுவிட்டு அந்தக் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் அடிக்கடி கட்டுகிறார் என்று தெரிந்தால், பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. இலவசம்தான். ஒருமுறை பதிவு செய்தால் அங்கே உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் பந்தயத் தளங்களும் ஆறு மாதமோ, ஒரு வருடமோ, ஐந்து வருடமோ, அவர் தேர்ந்தெடுத்த காலத்துக்கு அவரை உள்ளே விடாது. அவராகத்தான் பதிவு செய்ய வேண்டும், நீங்கள் அவருக்காகச் செய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைக்கலாம்.